ஜட்ஜய்யா, உங்க ஷூ எங்கே வாங்கினது?

பாண்டிச்சேரிக்கு டூர் வரும் காலேஜ் பசங்க முதலில் ஓடுவது பீச்சுக்கு. அடுத்தது 'வொயிட் டவுன்'. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, வாடகை சைக்கிள், ஒரு கூலிங் கிளாஸ்... கிளிக்! ''வொயிட் டவுன்னு சொல்றீங்க, சுவரெல்லாம் மஞ்சளா இருக்கே?'' என்று சேலத்திலிருந்து வந்த நண்பன் ஒருத்தன் கேட்டான். நியாயமான டவுட்தான். அது பெயின்ட்டுக்கு வைத்த பெயர் இல்லை மச்சி, தோலுக்கு வைத்த பெயர்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கடலோரம் வெள்ளையர் பகுதி. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கறுப்பு நகரம்'. இன்றைக்கு 'வொயிட் டவுன்' மட்டும் ஹோட்டல் போர்டுகளில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. 'பிளாக் டவுன்' என்று யாரும் போர்டு மாட்டுவதில்லை. கேட்டால் 'தமிழ் குவார்ட்டர்' என்பார்கள். எங்கள் முத்தியால்பேட்டை இந்த இரண்டுக்குமே வெளியே, வடக்குப் புல்வாரைத் தாண்டி, நெசவாளர்கள் குடியிருந்த ஏரியா. எங்க தாத்தா காலத்தில் தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம் கேட்குமாம். இப்போது பைக் ஹாரன்தான்.

இந்தக் கதை இப்போ எதுக்கு? போன செமஸ்டரில் எங்கள் கிளாஸில் 'பிரிவிலேஜ்' பாடம் நடந்தது. மூன்று வாரம் ஆகியும் மணிக்கூண்டு டீக்கடையில் அந்தச் சண்டை ஓயவில்லை.

ஒரு அடி முன்னால... ஒரு அடி பின்னால!

பிளேஸ்மென்ட் டிரெய்னிங்குக்காக வெளியிலிருந்து ஒரு டிரெய்னர் வந்தார். நல்ல மனிதர்தான், ஜோக்கெல்லாம் அடித்தார். 'பிரிவிலேஜ் வாக்' என்று ஒரு கேம். எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கணும். அவர் ஒவ்வொரு வரியாகப் படிப்பார். அது நமக்குப் பொருந்தினால் ஒரு அடி முன்னால், இல்லாவிட்டால் ஒரு அடி பின்னால். அமெரிக்க யுனிவர்சிட்டிகளில் இது ரொம்ப ஃபேமஸ்.

கையில் இருந்த பேப்பரும் அமெரிக்காவிலிருந்தே வந்த மாதிரி இருந்தது. 'உங்கள் இனத்தின் காரணமாக போலீஸ் உங்களை நிறுத்தியதில்லை' என்றார். ஹெல்மெட் போடாததற்காக நிறுத்தினால் கணக்கா என்று பின் வரிசையில் ஒருத்தன் கேட்டான். செம சிரிப்பு. 'டி.வி.யில் உங்கள் இனத்தவரை அதிகம் பார்க்கிறீர்கள்' என்றார். யாருக்கும் எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியவில்லை. சீரியலில் வரும் ஹீரோயின்களின் கலரைப் பார்த்தால் நாங்கள் எல்லாருமே பின்னால்தான் போகணும்!

இதுவரைக்கும் காமெடி. அப்புறம் நம்ம ஊருக்கும் பொருந்துகிற வரிகள் வந்தன. அப்பா, அம்மா காலேஜ் படித்தவர்களா? வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகங்கள் இருந்தனவா? படிக்க உங்களுக்கென்று ஒரு மேஜை இருந்ததா? சிரிப்புச் சத்தம் மெல்லக் குறைந்தது. பத்து வரி முடிவதற்குள் ஹால் விரிந்துவிட்டது. என் நண்பன் ஒருத்தன் மேடைக்குப் பக்கத்தில் போய்விட்டான். நான் நடுவில். பி.சி. சர்டிஃபிகேட், சொந்த வீடு, பிளஸ் டூவோடு நிறுத்திய அப்பா. அதனால் கச்சிதமாக நடுவில். ரொம்ப வசதியான இடம் அது. முன்னால் பார்த்து 'அவன் கொடுத்து வைத்தவன்' என்று சொல்லிக்கலாம், பின்னால் பார்த்து 'பாவம்' என்றும் சொல்லிக்கலாம்.

கடைசியில், ஹாலின் பின் சுவரில் முதுகு ஒட்டியபடி எங்கள் கிளாஸ் பெண் ஒருத்தி. அதற்கு மேல் பின்னால் போக இடமில்லை. டிரெய்னர் மைக்கோடு நேராக அவளிடம் போனார். 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்?' என்று இங்கிலீஷில் கேட்டார். அறுபது பேரும் திரும்பிப் பார்த்தோம். 'ஃபைன் சார்' என்றாள். கைதட்டச் சொன்னார். தட்டினோம். மேடைக்குப் பக்கத்தில் நின்றவனிடம் யாரும் மைக் நீட்டவில்லை.

டீக்கடை ரவுண்டு

''நான் என்னடா பண்ணேன்? அவர் படிச்சார், நான் நடந்தேன்'' என்றான் முன்னால் நின்றவன். ''எங்கப்பா பிரைவேட் கம்பெனி கிளார்க். எஜுகேஷன் லோன் போட்டுத்தான் படிக்கிறேன். என்னைப் போய் ஏதோ ஜமீன்தார் மாதிரி நிக்க வச்சுட்டாங்க.''

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2019-ல் 103-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பொதுப்பிரிவு ஏழைகளுக்கு 10 சதவிகித இட ஒதுக்கீடு வந்தபோது நாடு முழுக்க ஓடிய விவாதமும் ஏறக்குறைய இதுதான். காசில்லாதவனுக்கு என்ன பிரிவிலேஜ்? ஆனால் அவனுடைய தாத்தா ஸ்கூல் வாத்தியார். கொள்ளுத்தாத்தா ஊர்க் கணக்கு எழுதியவர். மூன்று தலைமுறையாக வீட்டில் பேனா இருக்கிறது. லோன் ஃபார்ம் பூர்த்தி செய்ய அவன் யாரையும் தேடிப் போகவில்லை. காசு வேறு, இது வேறு. இதைச் சொன்னதும் அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ''அப்ப அதைக் கேட்டிருக்கலாம்ல அந்த ஆளு?'' என்றான். கரெக்ட்! அவனிடம்தான் கேட்டிருக்கணும்.

பின் சுவரில் நின்ற தோழி டீக்கடைக்கு வரமாட்டாள். அவளைப் பார்த்தது மறுநாள் லேபில். ''எனக்கு அது புதுசா என்ன? நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியாதா? அவனுக்குத் தெரியாததை அவனுக்கு நடத்துறதுக்கு என்னை புரொஜெக்டரா யூஸ் பண்ணிட்டாங்க'' என்றாள். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சம்மதித்தாள். அவள் சொன்னதை விடத் தெளிவாக இந்தப் பிரச்னையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு தமிழ்ப் பிரச்னையும் இருக்கிறது. பிரிவிலேஜுக்குத் தமிழ் என்ன? டிக்‌ஷனரியைப் பார்த்தால் சலுகை, சிறப்புரிமை என்று இருக்கும். 'சிறப்புரிமை' என்று யாரும் பேசுவதில்லை. பேப்பரில் வருவது சட்டசபை 'உரிமை மீறல்' மட்டும்தான். மிச்சம் இருப்பது 'சலுகை'. இந்த வார்த்தையை காலேஜ் கேன்டீனில் சொல்லிப் பாருங்கள். எல்லார் கண்ணும் யார் பக்கம் திரும்பும்? கோட்டாவில் வந்தவர்கள் பக்கம். ஆக, பிரிவிலேஜ் என்று பாடம் ஆரம்பித்தாலே, அது இல்லாதவர்கள்தான் அதை வைத்திருப்பவர்கள் மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று தலைமுறைப் பேனாவுக்கு நம்மிடம் பேச்சுவழக்கில் ஒரு வார்த்தையே இல்லை. அதை நாம் 'திறமை' என்று கூப்பிடுகிறோம். சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் 2019-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். உயர்சாதிக்காரர்கள் தங்களைச் சாதியே இல்லாத, வெறும் திறமைசாலிகளாகப் பார்க்க முடிவது எப்படி, சாதி என்பது ரிசர்வேஷனில் வந்தவருக்கு மட்டும் ஒட்டிக்கொள்வது எப்படி என்பதுதான் அதில் முக்கியமான விஷயம்.

அமெரிக்காவில் இந்தப் பாடம் ஆரம்பித்த கதை உண்மையில் வேறு மாதிரி. 1988-ல் பெக்கி மெக்கின்டாஷ் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியை ஒரு கட்டுரை எழுதினார். தான் வெள்ளைக்காரி என்பதால் தினமும் தனக்குச் சும்மா கிடைக்கும் வசதிகளை ஒவ்வொன்றாக லிஸ்ட் போட்டார். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரிகூட தன் தோல் நிறத்திலேயே கடையில் கிடைக்கிறது என்பது அதில் ஒன்று. கவனியுங்கள் ஃப்ரெண்ட்ஸ், அவர் தன்னைத்தான் கேள்வி கேட்டுக்கொண்டார். எந்தக் கறுப்பின மாணவியையும் சுவர் ஓரமாக நிறுத்தி 'எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்கவில்லை. அங்கிருந்து எங்கள் ஹாலுக்கு வந்து சேர்வதற்குள் எங்கோ கேள்வி திசை மாறிவிட்டது.

பொன்னுத்தம்பி கேஸ்

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாண்டிச்சேரி பாஷையில் 'சொல்தா'. இந்த வாக்கிங் கேம் கதையை அவரிடம் சொன்னபோது, ''டேய் தம்பி, இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? பொன்னுத்தம்பி கேஸ் தெரியுமா உனக்கு?'' என்றார். தெரியாது. எட்டாம் கிளாஸில் கிழக்கிந்தியக் கம்பெனி, டூப்ளே, கிளைவ் எல்லாம் மனப்பாடம். பொன்னுத்தம்பி? நஹி!

வருடம் 1873. பொன்னுத்தம்பிப் பிள்ளை புதுச்சேரியில் வக்கீல். கோர்ட்டுக்கு ஐரோப்பிய பாணி ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு போனார். இந்தியர்கள் கோர்ட்டில் அப்படி ஷூ போட்டு நிற்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். கழற்றச் சொன்னார் நீதிபதி. முடியாது என்றார் பொன்னுத்தம்பி. வாதாட அனுமதி இல்லை என்றாகிவிட்டது. மனிதர் விடவில்லை. கேஸை பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார்!

யோசித்துப் பாருங்கள். சட்டம் படித்தவர். பிரெஞ்சு மொழியில் வாதாடக்கூடியவர். சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்று முழங்கிய பிரெஞ்சுப் புரட்சி நடந்து 84 வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அன்று அந்த கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது அவருடைய கால்தான். ஏன் ஷூ போட்டாய், எந்த உரிமையில் போட்டாய் என்று அவர்தான் விளக்கம் சொல்லணும். மேடையில் உட்கார்ந்திருந்த நீதிபதியும் ஷூதான் போட்டிருப்பார். ஐயா, அந்த ஷூ எங்கே வாங்கினது, எந்தச் சட்டப் பிரிவில் போட்டிருக்கீங்க என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் இருப்பதற்குப் பெயர்தான் பிரிவிலேஜ். எங்கள் டிரெய்னரின் இரண்டு மணி நேர பவர்பாயின்ட்டில் புரியாதது எனக்கு இந்த இடத்தில் புரிந்தது.

தாத்தா அங்கேயே நிறுத்தவில்லை. ''அவரு வேளாளரு. பெரிய குடும்பம். அவருக்கே அந்தக் கதின்னா மத்தவன் கதி என்ன, நீயே பாத்துக்க'' என்றார். இந்த ஊரில் ஒரு ஏணி இல்லை, இரண்டு. ஒன்று தோலின் ஏணி, இன்னொன்று சாதியின் ஏணி. தோல் ஏணியில் பொன்னுத்தம்பி கீழே. சாதி ஏணியில் அவர் மேலே. வெள்ளைக்காரன் கோர்ட்டில் ஷூவைக் கழற்று என்றால் பாரிஸ் வரை போகலாம். தமிழ்நாட்டுக் கிராமத்து ஊர்த்தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவைக்கப்பட்ட மனிதர்கள் எந்த பாரிஸுக்குப் போவார்கள்?

பொன்னுத்தம்பிக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவர் கதை ஷூவோடு முடியவில்லை. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. விரும்புகிற இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்துவிட்டு, ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்து, பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம். இப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். முதல் ஆளாக முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பி. அவர் தேர்ந்தெடுத்த குடும்பப் பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். எல்லாருக்கும் கதவைத் திறக்கிறேன் என்கிறார்! கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் நிறையப் பேர் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். பாண்டிச்சேரியில் இன்றைக்கும் சுத்தமான தமிழ் முகத்துக்குப் பின்னால் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும் கிளாஸ்மேட் உங்களுக்கு இருந்தால், அந்தப் பெயர் அநேகமாக அங்கிருந்து வந்ததுதான்.

கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு கதவு! பிரெஞ்சுச் சட்டப்படி பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டார்களே, ஓட்டுப் போடும்போது வெள்ளையர்களோடு சேர்க்கணும் அல்லவா? 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். முதல் பட்டியல் ஐரோப்பியர், இரண்டாவது ரெனோன்சான், மூன்றாவது மற்ற இந்தியர்கள். கையளவு ஐரோப்பியர்களுக்கு எண்ணிக்கைக்குச் சம்பந்தமே இல்லாமல் தனி இடங்கள். 1899-ல் மறுபடி மாற்றி இரண்டு பட்டியல் ஆக்கினார்கள். இந்தப் பக்கம் நம்ம ஆட்களும் சும்மா இல்லை. சாதி வழக்கத்தைத் துறப்பதை எதிர்த்து நின்ற அணிக்குத் தலைவர் சண்முக வேலாயுத முதலியார். பல வருடங்கள் இந்த ஊர் அரசியலையே கையில் வைத்திருந்தார். வெள்ளையர்களுக்கு மேல் ஏணி பத்திரமாக இருக்கணும், இவர்களுக்குக் கீழ் ஏணி பத்திரமாக இருக்கணும். கூட்டணிக்குக் கேட்கவா வேண்டும்!

ஒன்றுக்கு ஒன்று ஃப்ரீ மாதிரி பள்ளிக்கூடக் கதையும் உண்டு. 1826-ல் கவர்னர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் ஐரோப்பியக் குழந்தைகளுக்காக 'ராயல் காலேஜ்' திறந்தார்கள். இன்றைய பிரெஞ்சு லிசே தன் வயதை அந்த வருடத்திலிருந்துதான் எண்ணுகிறது. அடுத்த சில வருடங்களுக்குள் சாதி இந்துக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி, பறையர் குழந்தைகளுக்குத் தனியாக இன்னொரு பள்ளி. ஆக, ஒரே ஊரில் மூன்று வாசல். நாம் பரீட்சைக்குப் படிக்க சீட் பிடிக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம்கூட 1827-ல் ஆரம்பித்தபோது வெள்ளையர்களுக்கு மட்டும்தான்.

வெள்ளைக்காரன் வந்துதான் பிரித்தான் என்று எஸ்கேப் ஆகவும் முடியாது. ஆனந்தரங்கப் பிள்ளை டைரியைப் பாருங்கள். 1745 அக்டோபர் நடப்பு. இன்றைக்கு நாம் சம்பா கோவில் என்று சொல்லும் மாதா கோவில் இருக்கும் இடத்தில் அன்று இருந்த கோயிலுக்குள், சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கோபத்தோடு திரண்டார்கள். பாதிரியார் வெள்ளைக்காரர், சுவர் நம்முடையது. இதை டைரியில் எழுதி வைத்தவரும் சாமானியர் இல்லை, டூப்ளேயின் துபாஷ். எல்லாவற்றையும் மேல் படியில் நின்று பார்த்து எழுதியவர்.

எந்தக் கேள்வி, யாருக்கு?

தாத்தா வீட்டிலிருந்து வந்ததும் மொட்டை மாடியில் மீட்டிங். நம்ம ஊருக்கு நாமே ஒரு கேள்வித்தாள் போடுவோம் என்று நான்கு பேர் உட்கார்ந்தோம். முதலில் எழுதியதெல்லாம் டிரெய்னர் ஸ்டைலிலேயே வந்தது. வாடகைக்கு வீடு தேடும்போது 'நீங்க என்ன ஆளுங்க?' என்று உங்களைக் கேட்டிருக்கிறார்களா? ஊர்ப்பேரைச் சொன்னதும் அடுத்த கேள்வி 'அதுல எந்தத் தெரு?' என்று வந்திருக்கிறதா? ஃபர்ஸ்ட் இயரில் முதல் நாளே யாராவது உங்கள் கட்-ஆஃபைக் கேட்டு, கேட்டபிறகு பேச்சை மாற்றியிருக்கிறார்களா? ஃப்ரெண்டு வீட்டில் உங்களுக்கு மட்டும் டிஸ்போசபிள் டம்ளரில் காபி வந்திருக்கிறதா?

லேப் தோழிக்குப் படித்துக் காட்டினேன். ''சூப்பர். மறுபடியும் நான்தான் பின்னாடி போகணும், அப்படித்தானே?'' என்றாள்.

அத்தனையையும் திருப்பி எழுதினோம். வாடகைக்கு வந்தவரிடம் உங்கள் வீட்டில் யாராவது 'என்ன ஆளுங்க?' என்று கேட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? 'எந்தத் தெரு?' என்று நீங்கள் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா, பதில் தெரிந்து என்ன செய்தீர்கள்? கவுன்சலிங் ரேங்க்கை வைத்து கிளாஸ்மேட்டின் சாதியைக் கணக்குப் போட்டிருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் தனி டம்ளர் இருக்கிறதா, அது எந்த ஷெல்ஃபில் இருக்கிறது? ரெக்கமெண்டேஷனுக்கு போன் போட உங்கள் குடும்பத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறாரா, அவர் பெயர் என்ன?

இந்த லிஸ்ட்டை எங்கள் கேங்கில் படித்தபோது ஒரு வித்தியாசம். போன தடவை எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். இந்தத் தடவை எல்லாரும் அவரவர் மொபைலைப் பார்த்தார்கள். மேடைப் பக்கம் நின்ற நண்பன் டம்ளர் கேள்விக்கு மட்டும், ''பாட்டி இருக்கற வரைக்கும் இருந்துது. இப்ப எங்க போச்சுன்னு அம்மாகிட்ட கேக்கணும்'' என்றான். எனக்கு 'எந்தத் தெரு?' கேள்வி சங்கடமாக இருந்தது. நடுவில் நிற்பவர்களுக்கும் கீழ்ப்படி ஒன்று உண்டு என்பதை நெசவாளர் வீட்டில் பிறந்தால் தெரியாதா என்ன!

எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ''இப்படி நோண்டி நோண்டிக் கேட்டா இல்லாத சாதிகூட ஞாபகம் வந்துடும், பேசாம விடுங்க'' என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். இது உலகம் பூராவும் ஓடும் வாதம்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2022-ல் இனம் பற்றிய இந்த மாதிரிப் பாடங்களைக் கட்டுப்படுத்திச் சட்டமே போட்டது. அதே அமெரிக்காவில், கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி 2022 ஜனவரியில் தன் பாகுபாடு தடுப்பு விதிகளில் 'சாதி' என்ற வார்த்தையைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டது. அதே வருடம் கலிஃபோர்னியா சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை கவர்னர் கவின் நியூசம் அக்டோபரில் நிராகரித்தார். நாம் அவர்களிடமிருந்து பிரிவிலேஜ் கேமை இறக்குமதி பண்ணினால், பதிலுக்குச் சாதியை ஏற்றுமதி பண்ணியிருக்கிறோம். டீல் ஓகேவா?

இங்கே என்ன நிலைமை? ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் கொடுத்த இன்ஜினீயரிங் மாதிரிப் பாடத்திட்டத்தில் இந்திய அரசியலமைப்பு பாடம், கட்டாயம் ஆனால் கிரெடிட் இல்லாத பாடங்களின் வரிசையில் இருக்கிறது. ஜீரோ கிரெடிட் என்றால் அந்த ஹவரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ரெக்கார்ட் நோட் எழுதுவோம். யு.ஜி.சி. 2012-லேயே உயர்கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலாவும், 2019 மே மாதம் மும்பையில் டாக்டர் பாயல் தாட்வியும் தற்கொலை செய்துகொண்டார்கள். இரண்டு பேரின் அம்மாக்களும் சுப்ரீம் கோர்ட் படியேறினார்கள். 2026 ஜனவரியில் யு.ஜி.சி. புது விதிகளை வெளியிட்டது. பொதுப்பிரிவு மாணவர்களுக்கும் பாதுகாப்பு எங்கே என்று போராட்டம் நடந்தது. அந்த மாதக் கடைசியிலேயே சுப்ரீம் கோர்ட் விதிகளை நிறுத்திவைத்தது. இரண்டு அம்மாக்கள் கேட்ட கேள்வியைவிட அதைப் பற்றிய சண்டைக்குத்தான் டி.வி.யில் நேரம் அதிகம் கிடைத்தது.

என் கட்சி இதுதான். கிளாஸ்ரூமில் பிரிவிலேஜை நடத்துங்கள். ஆனால் கிளாஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை வைத்து நடத்தாதீர்கள். நம்ம ஊரில் அதற்கு மெட்டீரியலா இல்லை? 1884 வாக்காளர் பட்டியல் இருக்கிறது, 1745 சுவர் இருக்கிறது, பொன்னுத்தம்பியின் ஷூ இருக்கிறது. அதில் விதியை யார் போட்டார்கள், யாருக்கு லாபம் என்பது பேப்பரிலேயே தெளிவாகத் தெரிகிறது. யாருடைய மூக்கையும் உடைக்காமல் அரை மணி நேரத்தில் 'சரி, இன்னைக்கு அந்த நீதிபதி நாற்காலியில யாரு?' என்ற இடத்துக்கு வந்துவிடலாம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வீட்டு மியூசியத்துக்குப் போனாலும் ஒரு விவாதம் ரெடி. தன் பூணூலை எடுத்துவிட்ட பாரதி, 1913-ல் தாழ்த்தப்பட்ட இளைஞரான கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்டார். எல்லாருக்கும் போடுவது சமத்துவமா, எல்லாரும் கழற்றுவது சமத்துவமா? இந்த ஒரு கேள்விக்கே எங்கள் மாடியில் ராத்திரி 11 மணி ஆகிவிட்டது. கீழே இருந்து அம்மா கத்தியதால்தான் கலைந்தோம்.

டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு நிகழ்ச்சி கொடுங்கள் என்று சார் கேட்டிருந்தார். 1873 ஷூ வழக்கை மறு விசாரணை செய்யப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். 'இன்ஜினீயரிங்குக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?' என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். லேப் தோழிதான் பொன்னுத்தம்பி தரப்பு வக்கீல். சாட்சிக் கூண்டில் ஏறப்போவது நீதிபதி. அவரைக் குறுக்கு விசாரணை செய்ய அவளிடம் இப்போதே 32 கேள்விகள் தயார். பொன்னுத்தம்பியாக நடிக்க பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பாரிஸ் நீதிபதிக்குக்கூட மூன்று பேர். கூண்டில் ஏறும் புதுச்சேரி நீதிபதி ரோலுக்கு மட்டும் இதுவரை ஒருத்தரும் வரவில்லை. மேடைப் பக்கம் நின்ற நண்பனைக் கேட்டேன். ''ஷூ எங்கே வாங்கினேன்னு கேப்பாளா?'' என்றான். கேட்பாள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.